ஆளுக்கேற்ற கோல்



இன்றைய பேச்சின் பொருளைக் கேட்டதும், "இது நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் வானொலியை மூடிவிட எண்ணலாம். கோல்ப் ஆட்டத்தில் பயன்படும் ஒரு கோலைப் பற்றி, அதிலும் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஒரு கோலைப் பற்றிப் பேசப் போகிறோம். கோல்ப் என்றால் துரைமார் ஆட்டம், காசுள்ளவர் ஆட்டம் என்பது தோட்டப்புறங்களில் வழிவழியாக வந்த எண்ணம். அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கோலில் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமல்லாமல், கையில் கருவி பிடித்துப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில், இந்த ஆட்டத்துக்கும் நமக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். 1891-இல் சிங்கப்பூரிலும் 1893-இல் சிலாங்கூரிலும் கோல்ப் சங்கங்கள் தோன்றின. பின்னாளில் சில பெரிய தோட்டங்களிலேயே துரைமார்கள் தங்கள் கிளப்பை ஒட்டிச் சிறு திடல்களை அமைத்துக்கொண்டார்கள். அங்கே புல் வெட்டியவர்களும், பந்து தேடியவர்களும், பையைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் நம் மக்கள்தாம். பை சுமக்கும் பையனுக்குக் 'கேடி' என்று பெயர். நம் பேச்சில் கேடி என்றால் வேறு பொருள். இங்கே அது நல்ல தொழிலின் பெயர் என்று கொள்க. பிறகு 1980-களிலும் 1990-களிலும் பல ரப்பர்த் தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறின. தாத்தா பால் மரம் வெட்டிய மேட்டில் இன்று யாரோ பந்தடிக்கிறார்கள். எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற மலேசியத் தமிழர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே உயர்ந்து, ஆசிய நாடுகளின் போட்டிகளில் ஆடியிருக்கிறார்கள்.

பந்தின் கதை இன்னும் நெருக்கமானது. பழங்காலத்தில் கோல்ப் பந்து என்பது தோல் பைக்குள் பறவையிறகைத் திணித்துத் தைத்த ஒன்று. விலையும் அதிகம், நனைந்தால் கெட்டும் போகும். 1843-இல் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமெரி, மலாயாக் காட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைத்த 'கட்டா பெர்ச்சா' என்னும் பொருளின் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் அந்தப் பொருளை உருட்டி, 1848 அளவில் பந்து செய்யத் தொடங்கினார்கள். விலை இறங்கியது, எளியவர்களும் ஆட முடிந்தது. 1898-இல் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்ய வழி கண்டார். ஆக, மரத்துப் பால் இல்லாமல் அந்த ஆட்டம் இன்றைய நிலைக்கு வந்திருக்காது. உலகம் எங்கோ ஆடிய ஆட்டத்துக்குள்ளும் தென்கிழக்காசிய மரத்தின் பால் இருந்திருக்கிறது.

இனி நம் பொருளுக்கு வருவோம்.

கோல்ப் ஆட்டக்காரர் தம் பையில் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். தூரமாக அடிக்க ஒன்று, மணலிலிருந்து தூக்க ஒன்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அவற்றுள் ஒன்றின் பெயர் 'பட்டர்'. ரொட்டியில் தடவும் பட்டர் இல்லை! பந்து குழியருகே வந்து சேர்ந்தபின், பாய்போல் கத்தரித்த பசும்புல் தளத்தில் அதை மெல்லத் தட்டி உருட்டிக் குழிக்குள் விழச் செய்யும் கோல் அது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக அதை நாம் 'தட்டுகோல்' என்றே சொல்வோம்.

தட்டுகோல் பார்ப்பதற்குச் சாதாரணமானது. அடியில் ஓர் உலோகத் தலை. அதிலிருந்து மேலெழும் எஃகுத் தண்டு. தண்டின் மேல்பாகத்தில் ரப்பர் போன்ற பொருளால் ஆன பிடி. ஆனால் ஆட்டத்தில் அதிகம் வேலை செய்வது இதுதான். 18 குழிகளுக்கு 72 அடிகள் என்று அளவு வைத்த ஒரு திடலில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளைத் தட்டுகோலுக்கு என்றே ஒதுக்கிக் கணக்கிடுவார்கள். பாதி ஆட்டம் இந்த ஒரு கோலில்! இருநூறு மீட்டர் பறக்கும் அடிக்கும் கணக்கு ஒன்று. ஒரு முழம் உருளும் தட்டுக்கும் கணக்கு ஒன்று.

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது குழியின் வாய் பந்தைப்போல் இரண்டரை மடங்கு. இது தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் பத்தடி தூரத்தில் நின்று தட்டும்போது, பந்து புறப்படும் திசை இருபுறமும் ஏறக்குறைய ஒரு பாகை தவறினாலே குழியின் ஓரத்தைத் தாண்டிவிடும். கடிகார முகத்தில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 6 பாகை இருக்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு நுட்பம் என்று எண்ணிப் பாருங்கள்! இவ்வளவு நுட்பமான வேலைக்கு உடம்பு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். உடம்பு நிலையாக நிற்க வேண்டுமானால் கோலின் நீளம் உடம்புக்குப் பொருந்த வேண்டும். இங்கேதான் நீளத்தின் கதை தொடங்குகிறது.

தட்டுகோலைப் பிடித்து நிற்பவரைக் கவனியுங்கள். இடுப்பிலிருந்து சற்று முன்னே சாய்ந்து, இரு கைகளையும் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கவிட்டு, தோளை மட்டும் அசைத்துக் கோலைப் பின்னும் முன்னும் ஆட்டுகிறார். வீட்டில் தூளி ஆடுகிறதல்லவா? உத்தரத்துக் கொக்கி நிலையாக இருக்க, சேலை ஒரே சீராகப் போய் வருகிறது. அதுபோல இங்கே கழுத்தடிதான் கொக்கி. கையும் கோலும் சேர்ந்ததுதான் தூளி. கொக்கி ஆடினால் குழந்தை விழித்துக்கொள்ளும். இங்கே பந்து வழிமாறும்.

கோல் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் என்ன ஆகும்? ஆட்டக்காரர் பந்தைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டி வரும். கோலின் தலை முழுதாகத் தரையில் படியாமல் அதன் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். கண் பந்துக்கு நேர் மேலே இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால், குழிக்குப் போகும் கோடு சாய்ந்து தெரியும். பிடியைக் கீழே இறக்கிப் பிடித்தாலோ, மேலே மிஞ்சிய துண்டு வயிற்றில் இடிக்கும், சட்டையில் மாட்டும்.

கோல் குட்டையாக இருந்தால் இதற்கு எதிர்மாறு. முதுகை வளைத்துக் குனிய வேண்டும். கண் பந்தைத் தாண்டி வெளியே போய்விடும். ஒன்றிரண்டு தட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் இடுப்பு கேள்வி கேட்கும். இடுப்பு வலித்தால் உடம்பு தானாகவே நிமிரப் பார்க்கும். தட்டும் நேரத்தில் அந்தச் சிறு அசைவு போதும், பந்து தவறிவிடும்.

கடைகளில் விற்கும் தட்டுகோல்களில் பெரியவர்களுக்கானவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம் வரை, அதாவது 84 முதல் 89 சென்டிமீட்டர் வரை இருக்கும். தைத்து விற்கும் சட்டைபோல இது. பலருக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். சிலருக்கு மிகச் சரியாக இருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. நீளமான கோலை அறுத்துக் குறைக்கலாம். ஆனால் அறுத்ததை ஒட்ட முடியாது. அதற்குத் தனியே ஒட்டுத்துண்டு செருகிப் புதுப் பிடியும் போட வேண்டும். அளவு தெரியாமல் அறுத்துவிட்டுக் கை பிசைவதைத் தவிர்க்க வந்ததுதான் நீளம் மாற்றக்கூடிய தட்டுகோல்.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். வானொலிப் பெட்டியின் ஏரியலை இழுத்து நீட்டுகிறோமே, அதே தத்துவம். ஆனால் ஏரியலைப்போல் இழுத்த இழுப்புக்கு வரக்கூடாது. அடிக்கிற வேளையில் துளியும் நழுவக்கூடாது. ஆகவே பிடியின் உச்சியில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அதற்கென்று தரும் சாவியை அதில் நுழைத்துத் திருகினால், உள்ளே இருக்கும் திருகாணி கோலை நீட்டும் அல்லது குறுக்கும். சில வகைகளில் திருகைத் தளர்த்தி, வேண்டிய அளவுக்கு இழுத்து, மறுபடி இறுக்க வேண்டும். அமெரிக்காவின் பிங் நிறுவனம் விற்ற ஒரு வகைத் தட்டுகோலை 32 அங்குலத்திலிருந்து 36 அங்குலம் வரை, அதாவது 81 சென்டிமீட்டரிலிருந்து 91 சென்டிமீட்டர் வரை மாற்றிக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் பிறந்த பொறியாளர். 1959-இல் தாம் செய்த முதல் தட்டுகோல் பந்தில் பட்டபோது 'பிங்' என்று ஒலித்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

இத்தகைய கோல் ஒன்றைப் பயிற்சித் திடலுக்கு எடுத்துச் சென்று நாங்கள் மூவர் சோதித்துப் பார்த்தோம். ஒருவர் நல்ல உயரம். ஒருவர் குள்ளம், சற்றுப் பருமன். மூன்றாமவன் 12 வயதுப் பையன். ஒரே கோல்தான், ஆளுக்கு ஆள் நீளத்தை மட்டும் மாற்றினோம். கண்டவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, உயரமானவருக்கு நீளமான கோல்தான் பொருந்தும் என்று எல்லாரும் எண்ணுவார்கள். எங்கள் உயரக்காரருக்கு நடுத்தர நீளமே போதுமானதாக இருந்தது. காரணம், அவருடைய கையும் நீளம். தலைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைவிட மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரமே இங்கே கணக்கு. குள்ளமானவருக்கோ கை குட்டை. வயிறு சிறிது முன்னே இருப்பதால் அதிகம் குனியவும் இயலாது. அவர் நிமிர்ந்து நின்று ஆடினார். ஆகவே அவருக்குத் தேவைப்பட்ட நீளம் உயரக்காரருடைய அளவுக்கு ஏறக்குறைய வந்து நின்றது. ஆளைப் பார்த்து அளவு சொல்லக்கூடாது. நிற்க வைத்து அளக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது, நீளத்தை மாற்றினால் கனமும் மாறியதுபோல் தோன்றுகிறது. தட்டுகோலின் தலை மட்டும் ஏறக்குறைய 350 கிராம் இருக்கும். கோலை நீட்டினால் தலையின் எடை ஒரு கிராமும் கூடுவதில்லை. ஆனால் கைக்குக் கனக்கிறது. ஒரு கழியின் நுனியில் பால் வாளியை மாட்டி நீட்டிப் பிடியுங்கள். பிறகு கையை வாளிக்கு அருகே கொண்டுவந்து பிடியுங்கள். வாளி அதே வாளிதான். பாரம் மட்டும் குறைந்துவிடும். அதேதான் இங்கும். கோலைக் குறைத்தால் தலை இலேசாகிவிட்டதாகத் தோன்றி, கை துரிதப்படுகிறது. நீட்டினால் தலை இழுக்கிறது. எனவே நீளத்தை மாற்றியதும் முதலில் கெட்டுப்போவது திசையைவிடத் தூரக் கணக்கே. பந்து குழியைத் தாண்டி ஓடும், அல்லது பாதி வழியில் நின்றுவிடும். பத்துப் பதினைந்து தட்டுகள் போன பிறகே கை பழகுகிறது. ஆகையால் ஒரு நீளத்தில் நாலே தட்டுத் தட்டிவிட்டு, "இது சரியில்லை" என்று தள்ளிவிடக்கூடாது.

மூன்றாவது, பையனுக்கு மிகக் குறைந்த நீளம் வைத்தும் அது சற்று நீளமாகவே இருந்தது. பெரியவர்களுக்கான தலையின் கனமும் அவனுக்குக் கூடுதல். கூட்டிக் குறைக்கலாம் என்றால் குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே கோல் போதும் என்று பொருளில்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. என்றாலும் வளரும் பிள்ளைக்கு இது உதவும் என்பதில் ஐயமில்லை. 13 வயதில் வாங்கிய கோலை 16 வயதிலும் திருகி நீட்டிக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு புதுக் கோல் வாங்க இயலாத குடும்பத்துக்கு இது சிறிய உதவியன்று.

நான்காவது, சரியான நீளம் கிடைத்துவிட்டால் பந்தெல்லாம் குழிக்குள் விழுந்துவிடும் என்பதும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழகாத கைக்கு எந்த நீளமும் பழிபோட உதவும். பொருந்திய நீளம் செய்வதெல்லாம் ஒன்றே: உடம்பு வலியில்லாமல் நிற்கிறது, நின்றால் பழக முடிகிறது, பழகினால் கை திருந்துகிறது. கருவி தடையை நீக்குகிறது. வேலையை மனிதன்தான் செய்கிறான்.

சரியான நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகள் யாரேனும் இந்த ஆட்டத்தில் ஈடுபட்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளட்டும். செருப்பை அல்லது காலணியை, ஆடும்போது அணிவது எதுவோ அதை அணிந்துகொள்ள வேண்டும். இடுப்பிலிருந்து சற்றுச் சாய்ந்து, முழங்காலை இலேசாகத் தளர்த்தி, கைகளைத் தொங்கவிட வேண்டும். உள்ளங்கை இரண்டும் சேருமிடத்தில் கோலின் பிடி வந்து அமைய வேண்டும். பிடியை எட்டிப் பிடிக்கவும் கூடாது. முழங்கையை அளவுக்கு மீறி மடக்கவும் கூடாது. பிறகு, தலையை அசைக்காமல், ஒரு பந்தை மூக்கின் மேற்பகுதியில், இரு கண்களுக்கும் நடுவே வைத்துக் கைவிட வேண்டும். விழும் பந்து தரையிலுள்ள பந்தின் மேலேயோ, அதைவிடச் சற்று நம் பக்கமாகவோ விழுந்தால் நீளம் பெரும்பாலும் சரி. வெகுவாக வெளியே விழுந்தால் கோல் குட்டை. வெகுவாக உள்ளே விழுந்தால் கோல் நீளம். கடைசியாக, கோலின் தலை அடிப்பாகம் முழுவதும் தரையில் படிகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக மாற்றிப் பார்த்து, பொருந்திய அளவை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கோலை வைத்திருப்பவர்கள் பராமரிப்பையும் மறக்கக்கூடாது. நம் நாடுகளின் வெப்பத்துக்கும் மழைக்கும் உலோகம் எளிதில் துருப்பிடிக்கும். ஆடி முடித்தபின் துடைத்து உலர்த்த வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்த ஆணியால் திருகினால் திருகாணியின் வாய் தேய்ந்துவிடும். ஆடும்போது உள்ளே 'கடகட' என்று ஓசை கேட்டால் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். பழைய கோல் வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் அதை முழுதும் நீட்டி, முழுதும் குறைத்து, மறுபடி இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

"இப்படி நீட்டியும் குறைத்தும் ஆடுவது விதிக்கு ஒத்ததா?" என்று கேட்கலாம். ஒத்ததுதான், ஆனால் கட்டுப்பாடு உண்டு. கோல்ப் விதிகளை வகுப்பவர்கள் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரிலிருந்து இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பினரும் அமெரிக்க கோல்ப் சங்கத்தினரும் ஆவர். அவர்கள் விதிப்படி, மாற்றும் அமைப்பு விரலால் தொட்டவுடன் மாறும்படி எளிதாக இருக்கக்கூடாது. ஆட்டத்தின் நடுவே தளரக்கூடாது. எந்த நீளத்தில் வைத்தாலும் கோல் விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு சுற்று தொடங்கிய பிறகு நீளத்தை மாற்றி அடிக்கக்கூடாது. ஒரு வேளை மாற்றிவிட்டால், அடுத்த அடிக்கு முன் பழைய அளவுக்கே திருப்பிவிட வேண்டும். கோல் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது எல்லாக் கோல்களுக்கும் பொது. மற்றக் கோல்களுக்கு அதிகபட்ச நீளம் உண்டு. தட்டுகோலுக்கு மட்டும் அதிகபட்சம் என்று ஒன்று வைக்கவில்லை.

இந்தச் சலுகையால் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. சிலர் வயிற்றளவு, மார்பளவு நீண்ட தட்டுகோல்களைச் செய்து, அதன் நுனியை உடம்பில் ஊன்றிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது ஊன்றுகோல்போல் உதவியது. 2011-இல் கீகன் பிராட்லி என்னும் அமெரிக்கர் அப்படி வயிற்றில் ஊன்றி ஆடி அமெரிக்காவின் பிஜிஏ பட்டத்தை வென்றார். பெரும் பட்டம் ஒன்றை இம்முறையில் வென்ற முதல்வர் அவரே. 2012-இல் வெப் சிம்ப்சன், எர்னி எல்ஸ், 2013-இல் ஆஸ்திரேலியாவின் ஆடம் ஸ்காட் என வரிசையாக வெற்றிகள் வந்தன. "உடம்பில் ஊன்றிவிட்டால் பிறகு கைத்திறன் எங்கே?" என்ற கேள்வி எழுந்தது. 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து உடம்பில் ஊன்றி அடிப்பது தடை செய்யப்பட்டது. கவனிக்க வேண்டியது இது: தடை ஊன்றுவதற்குத்தான், நீளத்துக்கு அல்ல. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் நீண்ட தட்டுகோலை உடம்பில் படாமல் பிடித்து ஆடி, அதன் பிறகும் மூத்தோர் போட்டிகளில் வெற்றி பெற்றார். தன் உடம்புக்கு ஏற்ற நீளத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விதி பறிக்கவில்லை.

நேயர்களே, இப்போது நாம் தொடக்கத்தில் சொன்ன பாடத்துக்கு வந்துவிட்டோம். ஓய்வு நேரத்தில் பந்து தட்டுகிறவர்களுக்கு, அவரவர் உடம்பை அளந்து, சென்டிமீட்டர் கணக்கில் கோல் செய்து தருகிறார்கள். முதுகு வலிக்கக்கூடாது என்று பொறியாளர்கள் மூளையைக் கசக்குகிறார்கள். நல்லதுதான்; வேண்டியதுதான். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கருவி பிடித்து உழைப்பவரின் உடம்பை யார் அளந்தார்கள்?

தோட்டத்துக் கிடங்கில் தரும் மண்வெட்டிக்கு ஒரே பிடி. உயரமான ஆடவருக்கும் அதே. ஒல்லியான பெண்ணுக்கும் அதே. கூட்டுகிற ஈர்க்குமாறு முழங்காலுக்கும் வராத உயரம். கருவிக்கு ஏற்ப முதுகை வளைத்துக்கொண்டவர்கள் நம் பாட்டிமார்கள். வளைந்த முதுகை வயதின் குற்றம் என்று நாம் சொல்லிவிட்டோம். அதில் ஒரு பங்கு பிடியின் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

வேறோரிடத்தில் சொன்னார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கீரைவகை, கிழங்கு விளையும் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைவெட்டியைத்தான் கொடுப்பார்கள். பிடி இரண்டடி நீளம் அல்லது அதற்கும் குறைவு. நாள் முழுதும் இடுப்பை ஒடித்துக் குனிந்தே வேலை செய்ய வேண்டும். நீண்ட பிடி போட்டால் பயிர் வெட்டுப்படும், வேலை சுத்தமாக இராது என்று பண்ணையார்கள் வாதித்தார்கள். தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணைநின்ற வழக்கறிஞர்களும் மருத்துவர்களைக் கொண்டு முதுகெலும்பின் சேதத்தை எடுத்துக்காட்டிப் போராடினார்கள். 1975-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அந்தக் களைவெட்டி தடை செய்யப்பட்டது. நீண்ட பிடியோடு வேலை தொடர்ந்தது. பயிரும் விளைந்தது. ஒரு பிடியின் நீளம் நீதிமன்றம் வரை போகத்தக்க செய்தி என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நம் தொழிலிலும் பொருத்தம் பார்த்துச் செய்த கருவிகள் இல்லாமல் இல்லை. ரப்பர் மரத்தில் உயரத்துப் பட்டையை வெட்ட நீண்ட பிடி போட்ட கத்தி வந்தது. ஏணி ஏறும் சிரமம் குறைந்தது. செம்பனைக் குலையை அறுக்க முன்பு கனத்த மூங்கில் கழிகள் இருந்தன. பிறகு இலேசான அலுமினியக் கழிகள் வந்தன. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மரத்தின் உயரத்துக்கேற்ப நீளும் கழிகளும் வந்தன. நாம் இவ்வளவு நேரம் பேசிய தட்டுகோலுக்கு அது அண்ணன் முறை. ஆனால் அங்கே நீளம் மரத்தின் உயரத்துக்காக மாறுகிறது. பிடிக்கிற மனிதரின் உயரத்துக்காகவும் மாற வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

இதற்குப் பெரிய செலவில்லை. வீட்டில் கூட்டும் ஈர்க்குமாற்றுக்கு ஒரு நீண்ட கழியைப் பிடியாகக் கட்டிப் பாருங்கள். அம்மா நிமிர்ந்து நின்று, கையை அதிகம் மடக்காமல் கூட்டும்படி அதன் நீளம் இருக்கட்டும். மண்வெட்டியின் பிடி முறிந்து புதுப்பிடி போடும்போது, பழைய பிடியின் அளவைப் பார்க்காதீர்கள். அதைப் பிடிக்கப் போகிறவரை நிற்க வைத்து அளவெடுங்கள். பாத்திரம் துலக்கும் மேடை, அம்மி வைக்கும் இடம், பிள்ளைகள் எழுதும் மேசை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வேலையிடத்தில் தரும் கருவி ஒத்துவரவில்லை என்றால், வலி வந்த பிறகு மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பதைவிட, மேற்பார்வையாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ வாய்விட்டுச் சொல்வது நல்லது. வலியோடு வேலை செய்பவரின் வேலையும் குறையும் என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கோல்ப் திடலில் நடக்கும் இளையோர் பயிற்சிகளில் சேர வாய்ப்புக் கிடைத்தால் தயங்காதீர்கள். இரவல் கோலாயினும் பரவாயில்லை. முதலில் பயிற்சியாளரிடம், "இந்த நீளம் எனக்குச் சரியா?" என்று கேளுங்கள். கேட்பது குறையன்று. விலை கூடிய கோலைவிடப் பொருந்திய கோல் மேலானது. உங்கள் உயரம் எவ்வளவு, உங்கள் கை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டவர், மற்றவர் அளவில் செய்த எதையும் அப்படியே ஏற்றுக்கொண்டு முதுகை வளைக்க மாட்டார்.

இந்த வாரத்தில் ஒரு நாள், வீட்டில் அதிகமாகக் குனிந்து வேலை செய்பவர் யார் என்று பாருங்கள். அவர் கையிலுள்ள கருவியை அவர் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடியை நீட்ட வேண்டுமானால், ஒரு கழியும் கொஞ்சம் கயிறும் போதும்.